பேஸ்பாலில் எதைக் குறைப்பது: வீண் நேரத்தையா, ஆட்டத்தையா?

2018 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் மைதானத்தில் நடந்த உலகத் தொடரின், அதாவது மேஜர் லீக் என்ற அமெரிக்க உச்ச லீக்கின் இறுதிச் சுற்றின், மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போய் 7 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. 2025 அக்டோபரில் அதே மைதானம், மறுபடியும் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், மறுபடியும் 18 இன்னிங்ஸ். இந்த முறை 6 மணி 39 நிமிடம். முதல் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 5 ரன், இரண்டாவதில் 11 ரன். ரன்னும் கூடுதல், அப்படியும் 41 நிமிடம் முன்னதாகவே முடிந்திருக்கிறது. நடுவில் வந்த பெரிய மாற்றம் 2023ல் வைத்த ஒரு கடிகாரம்: ஒவ்வொரு பந்தையும் இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும். (டொராண்டோவில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஆட்டம் முடிந்தபோது விடியற்காலை 2.50, விடிந்தால் செவ்வாய்க்கிழமை, வேலை நாள், போதாக்குறைக்கு அவர்கள் ஊர் அணியான புளூ ஜேஸ் தோல்வி. அவர்களிடம் போய் ஆட்டம் இப்போது வேகமாகிவிட்டது என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.)

பேஸ்பாலை வேகமாக்கலாமா கூடாதா என்று அமெரிக்காவில் பல வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். கேள்வியையே தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் வீணாகும் நேரத்தைக் குறைப்பது ஒன்று, ஆட்டத்தையே வெட்டிக் குறைப்பது இன்னொன்று, அதை வேறொரு கேளிக்கையாக மாற்றிவிடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்துக்கொண்டு வேண்டும் வேண்டாம் என்று கத்துவதில் பயனில்லை. முதலாவதற்கு நான் கை தூக்குவேன், மற்ற இரண்டுக்கும் மாட்டேன்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக நாலு வரி. பிட்சர் எறிகிறார், பேட்டர் அடிக்கப் பார்க்கிறார். அடித்துவிட்டு நான்கு மூலையிலும் உள்ள பேஸ்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன். அடிக்கத் தோதான பந்தை விட்டாலோ சுற்றித் தவறவிட்டாலோ அது 'ஸ்ட்ரைக்', தோதில்லாத பந்தை அடிக்காமல் விட்டால் அது 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவர் அவுட், நான்கு பால் ஆனால் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம். மூன்று அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்க வரும். இரண்டு அணியும் ஒரு தடவை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ், இப்படி 9 இன்னிங்ஸ். ஒரு அணிக்கு மொத்தம் 27 அவுட், அவ்வளவுதான் கணக்கு. நேர வரம்பு என்று எதுவும் கிடையாது.

சரி, நேரம் எங்கே போனது? 1919 செப்டம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸும் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸும் 9 இன்னிங்ஸையும் 51 நிமிடத்தில் ஆடி முடித்தார்கள். அது விதிவிலக்கு, விடுங்கள். 1970களில் சராசரி ஆட்டம் சுமார் இரண்டரை மணி நேரம். 2021ல் அது 3 மணி 10 நிமிடம் ஆகிவிட்டது. அதே 9 இன்னிங்ஸ், அதே 27 அவுட். 2013ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு ஆட்டத்தில் உண்மையிலேயே ஏதாவது நடக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. வந்த விடை சுமார் 18 நிமிடம். மிச்சமெல்லாம் நிற்பதும் நடப்பதும் துப்புவதும்தான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் பேட்டர் கட்டத்தைவிட்டு வெளியே வருவார், கையுறைப் பட்டையைக் கழற்றி மாட்டுவார், ஹெல்மெட்டைத் தொடுவார், மண்ணைக் காலால் சீய்ப்பார். இதில் பெயர் எடுத்தவர்களே உண்டு. மைக் ஹார்க்ரோவ் என்ற வீரருக்கு வைத்த பட்டப்பெயர் 'மனித மழைத் தடை': மழை வந்து ஆட்டம் நின்ற மாதிரி ஆகிவிடுமாம் அவர் அடிக்க வந்தால்.

பிட்சர் தரப்பில் காரணம் வேறு, அது வெறும் பழக்கதோஷம் இல்லை. இரண்டு பந்துக்கு நடுவில் இளைப்பாற நேரம் கிடைத்தால் அடுத்த பந்தை முழு பலத்தோடு எறியலாம். வேகத்துக்குத்தான் சம்பளம் என்று ஆன பிறகு ஒவ்வொரு பந்தையும் கடைசிப் பந்து மாதிரி எறிந்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது லாபமான வியாபாரம். ஆட்டம் இழுபடுவது அவர் கவலை இல்லை. இதனால் ஸ்ட்ரைக் அவுட் கூடியது, பந்து அடிபட்டு மைதானத்துக்குள் ஓடுவது குறைந்தது, அதாவது பார்வையாளருக்கு இரட்டை நஷ்டம்: நேரமும் அதிகம், நடப்பதும் குறைவு. பேஸில் ஆள் இல்லாவிட்டால் 12 நொடிக்குள் எறிய வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஏற்கனவே இருந்தது. எண்ணிப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

முதல் வழி, பழையபடியே விட்டுவிடுவது. பழமைவாதிகள் என்று இவர்களை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் இவர்கள் கையில் இரண்டு நல்ல வாதம் இருக்கிறது. ஒன்று, பேஸ்பாலில் முன்னால் இருக்கும் அணி நேரத்தைக் கடத்தி ஜெயிக்க முடியாது. கால்பந்தில் கடைசிப் பத்து நிமிடம் மூலையில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கலாம், காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருளலாம். இங்கே எட்டு ரன் முன்னால் இருந்தாலும் கடைசி மூன்று அவுட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும், எதிரணிக்கு அதுவரை வாய்ப்பு உண்டு. கடிகாரமே இல்லாத ஆட்டம் என்ற பெருமை இதிலிருந்து வந்ததுதான். ஆனால் பந்துக்குப் பந்து ஓடும் கடிகாரம் இதைத் தொடவே இல்லை, 27 அவுட் 27 அவுட்டாகவே இருக்கிறது. அதனால் இந்த வாதம் கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, இங்கே பொருந்தவில்லை.

இரண்டாவது வாதம்தான் கனமானது. 2023 மார்ச் 21, மயாமி, உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஜப்பான் 3, அமெரிக்கா 2. எறிவது ஷோஹெய் ஓதானி, அடிக்க நிற்பது மைக் டிரவுட், அந்தச் சமயத்தில் இரண்டு பேரும் ஏஞ்சல்ஸ் அணியில் ஒன்றாக ஆடுகிறவர்கள். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இனி ஒரே பந்து என்ற நிலை. மணிக்கு 100 மைல் வேகத்தில் பந்துகளை எறிந்துவிட்டு ஓதானி கடைசியில் வளைந்து விலகும் ஒரு ஸ்லைடரை எறிந்தார், டிரவுட் சுற்றினார், மட்டை பந்தில் படவில்லை. முடிந்தது. அந்தப் போட்டித் தொடரில் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஓதானி எடுத்துக்கொண்ட மூச்சு, டிரவுட் ஒரு அடி பின்னால் போய்த் திரும்பி வந்தது, அரங்கமே எழுந்து நின்றது, இதெல்லாம் ஆட்டத்தில் கழிக்க வேண்டிய வீண் நேரமா? இல்லை. அங்கே காத்திருப்பதுதான் ஆட்டம். இதை ஒப்புக்கொள்ளாமல் கடிகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சும்மா நிமிடக் கணக்கு பார்க்கிறவர்கள். அதே சமயம், மேஜர் லீக்கில் ஒரு வருடத்துக்கு 2,430 ஆட்டம். ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை இரவு, நாலாவது இன்னிங்ஸ், 7க்கு 1, பேஸில் ஆள் இல்லை, பேட்டர் கையுறையைக் கழற்றி மாட்டுகிறார் என்றால் அங்கே என்ன பதற்றம் சேர்கிறது? அரிதான பத்து நிமிடத்துக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று ரசிகனிடம் கேட்பது அநியாயம்.

இனி கடிகாரம். 2023ல் வந்தபோது பேஸ் காலியாக இருந்தால் 15 நொடி, ஆள் இருந்தால் 20 நொடி. அதற்குள் பிட்சர் எறிய ஆரம்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டருக்கு ஒரு பால் இனாம். பேட்டரும் 8 நொடி மிச்சம் இருக்கும்போதே தயாராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஒரு ஸ்ட்ரைக். பேஸில் நிற்பவரைப் பிடிக்கும் சாக்கில் அங்கே எறிந்து எறிந்து நேரம் கடத்துவதும் கட்டுப்பட்டது, ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். மூன்றாவது முறை எறிந்து ஆளை அவுட் ஆக்க முடியாவிட்டால் ரன்னருக்கு அடுத்த பேஸ் சும்மா கிடைக்கும்.

ஆரம்பத்தில் கூத்துதான். 2023 பிப்ரவரியில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றில் அட்லாண்டா பிரேவ்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 6க்கு 6 என்று நிற்க, ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிரம்பி, இரண்டு அவுட், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். பேட்டர் நேரத்துக்குள் தயாராகவில்லை என்று அம்பயர் ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஸ்ட்ரைக், ஆட்டம் சமன், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இதைக் காட்டிக் காட்டித்தான் எதிர்ப்பாளர்கள் உலகத் தொடரும் இப்படித்தான் முடியப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. தொழில்முறை வீரர்கள், பழகிக்கொண்டார்கள்.

பலன் என்ன? 2022ல் 3 மணி 4 நிமிடம் பிடித்த 9 இன்னிங்ஸ் ஆட்டம் 2023ல் 2 மணி 40 நிமிடம். இருபத்துச் சொச்சம் நிமிடத்துக்காக ஒரு பந்தோ ஒரு அவுட்டோ விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். போனது வெறும் சும்மா நிற்பது. கூடவே பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், பிட்சர் ரன்னரை மிரட்டும் முறையும் குறைந்தது, இரண்டும் சேர்ந்து திருட்டு பேஸ், அதாவது பந்து அடிபடாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது, 2,486லிருந்து 3,503 ஆனது. ஓட்டம் திரும்பி வந்தது என்று சொல்லலாம். மைதானத்துக்கு வந்தவர்கள் 6 கோடியே 45 லட்சத்திலிருந்து 7 கோடியைத் தாண்டினார்கள். கொரோனாவிலிருந்து மீள்வதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கும், முழுப் புகழையும் கடிகாரத்துக்குக் கொடுக்க முடியாது, ஆனாலும் கொரோனாவுக்கு முந்தைய 2019ன் கூட்டத்தையும் இது தாண்டியதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வேடிக்கை. ஆட்டம் சீக்கிரம் முடிந்ததால் பீர் விற்பனை அடிபடும் என்று சில அணிகள் ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தும் வழக்கத்தை எட்டாவது வரை நீட்டின. ஃபில்லீஸ் பிட்சர் மேட் ஸ்ட்ராம் இதைக் கேட்டு, ஏழாவதோடு நிறுத்தியதே ஜனங்கள் போதை தெளிந்து வண்டி ஓட்டட்டும் என்றுதானே, ஆட்டம் வேகமானால் ஆறாவதோடு அல்லவா நிறுத்த வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

கடிகாரத்தின் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு காயம். 2024ல் பேஸில் ஆள் இருக்கும்போதான 20 நொடியை 18 ஆக்கினார்கள். சீசன் தொடங்கியதும் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், ஷேன் பீபர் என்று பெரிய பிட்சர்கள் வரிசையாக முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேற, வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த டோனி கிளார்க், இளைப்பாறும் நேரத்தைப் பறிப்பது உடம்புக்கு ஆபத்து என்று அறிக்கை விட்டார். லீக் மறுத்தது. அதே வருட டிசம்பரில் லீக் வெளியிட்ட பெரிய ஆய்வு, வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும்தான் காரணம் என்றது. லீக்கே நடத்திய ஆய்வு என்பதால் ஒரு கண் வைத்துத்தான் படிக்க வேண்டும், ஆனாலும் முழங்கை அறுவை சிகிச்சை பெருகியது கடிகாரத்துக்கு ரொம்ப முன்பே என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதில் தோன்றுவது: 20 போதும் என்று எல்லோரும் பழகிக்கொண்ட பிறகு 18 எதற்கு? அந்த இரண்டு நொடியில் ரசிகனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விதி முடிவு செய்யும் குழுவில் 11 பேர், அதில் 6 பேர் அணி உரிமையாளர் தரப்பு, 4 பேர்தான் வீரர்கள், ஒருவர் அம்பயர். எறிகிறவன் வேண்டாம் என்றாலும் ஓட்டு எண்ணிக்கையில் தோற்பான். கடிகாரம் சரி, அதை இறுக்கிக்கொண்டே போவது சரியில்லை.

அடுத்தது ஆட்டத்தையே வெட்டுவது. கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் ஒவ்வொன்றையும் 7 இன்னிங்ஸோடு முடித்தார்கள். 2021 ஏப்ரலில் மேடிசன் பம்கார்னர் அப்படி ஒரு 7 இன்னிங்ஸ் ஆட்டத்தில் எதிரணி பேட்டர் அடித்து பேஸைச் சேரும்படி ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை, ஆனால் 9 இன்னிங்ஸ் எறியவில்லை என்று சாதனைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நீங்களே ஆட்டத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த ஆட்டம் செல்லாது என்றால் என்ன அர்த்தம்? முழு ஆட்டம் 9 என்று லீக்குக்கே உள்ளூரத் தெரியும் என்றுதான் அர்த்தம். 2022ல் அதைக் கைவிட்டார்கள், நல்லது.

கைவிடாமல் வைத்துக்கொண்டது பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ரன்னரை நிறுத்தும் விதி. 2020ல் தற்காலிகமாக வந்தது, 2023ல் நிரந்தரமாகிவிட்டது. ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, பிட்சர்களின் கையும் மிஞ்சுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பேஸ்பாலில் ஒவ்வொரு பேஸையும் சம்பாதிக்க வேண்டும், அங்கே ஒருவன் எதுவுமே செய்யாமல் போய் நிற்கிறான். இதில் இன்னொன்று, ஆட்டங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் பத்தாவது இன்னிங்ஸுக்கே போகிறது. எல்லா ஆட்டத்திலும் தினமும் நடக்கும் இழுபறியைக் கடிகாரம் சரிசெய்தது, இது எப்போதோ நடப்பதைச் சரிசெய்ய ஆட்டத்தின் அடிப்படையில் கை வைக்கிறது. வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும், உலகத் தொடர் உள்ளிட்ட பிளேஆஃபில் இந்த விதி இல்லை என்பதே போதும், முக்கியமான ஆட்டத்தில் வைக்க அவர்களுக்கே மனம் வரவில்லை.

கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இந்த வித்தியாசம் புரிவது எளிது. டி20 என்பது ஆட்டத்தையே குறைத்தது. ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் 60 நொடிக் கடிகாரம் வைத்து, இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு 5 ரன் அபராதம் என்று ஐசிசி கொண்டுவந்தது வீண் நேரத்தைக் குறைத்தது. கிரிக்கெட் குட்டை வடிவத்தைத் தனியாக வைத்துக்கொண்டு டெஸ்டை டெஸ்டாகவே விட்டது, ஐந்து நாள் பிடிக்காதவர் மூன்று மணி நேர ஆட்டத்துக்குப் போகலாம். மேஜர் லீக்குக்கு அந்த வசதி இல்லை. இருப்பது ஒரே வடிவம், 162 ஆட்டம், நூறு வருடத்துக்கும் மேலான சாதனைப் பட்டியல். அதில் இன்னிங்ஸைக் குறைத்தால் பழைய வீரனையும் புதிய வீரனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

குட்டை வடிவம் வேண்டும் என்பவர்களுக்கு வெளியே ஒன்று முளைத்திருக்கிறது. ஜார்ஜியாவின் சவன்னா பனானாஸ். மஞ்சள் உடை, நடனம், இரண்டு மணி நேர வரம்பு, அடிப்பவர் கட்டத்தைவிட்டு வெளியே வந்தால் ஸ்ட்ரைக், அடித்துக் கோட்டுக்கு வெளியே போன ஃபவுல் பந்தைப் பார்வையாளர் பிடித்துவிட்டால் பேட்டர் அவுட். மேஜர் லீக் மைதானங்களையே நிரப்புகிறார்கள். வெறும் சர்க்கஸ் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு, சர்க்கஸ்தான், அதனால் என்ன, குழந்தைகள் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஆனால் அதை மேஜர் லீக்குக்குக் கொண்டுவரச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அது அங்கேயே நன்றாக இருக்கிறது.

நேரத்தைக் குறைக்க இன்னும் ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. விளம்பரம். ஒரு ஆட்டத்தில் அணிகள் இடம் மாறும் இடைவேளை 16 அல்லது 17 முறை வரும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கு மேல். கூட்டிப் பாருங்கள், அரை மணி நேரம் தாண்டும். பிட்சர் இரண்டு நொடி தாமதித்தால் அபராதம், கார் விளம்பரத்துக்கு இரண்டு நிமிடம் ராஜ மரியாதை. ஒவ்வொரு இடைவேளையிலும் 30 நொடியைப் பிடுங்கினாலே எட்டு நிமிடம் மிச்சமாகும், எவன் முழங்கையும் வலிக்காது. செய்ய மாட்டார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால் விடை ஒரே மாதிரி இல்லை. கொரிய லீக் 2025ல் கடிகாரம் வைத்தது, ஆனால் கொஞ்சம் தளர்வாக, பேஸ் காலி என்றால் 20 நொடி, ஆள் இருந்தால் 25. ஜப்பான் லீக் 2025 முடியும்வரை வைக்கவே இல்லை, அங்கே ஆட்டம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டும். சமனாக நின்றால் 12 இன்னிங்ஸோடு டிரா என்று அங்கே வழக்கமான சீசனில் முடித்துக்கொள்வார்கள், பேஸில் ஓசி ரன்னரை நிறுத்துவதைவிட இது எவ்வளவோ நேர்மை. ஜப்பானில் அந்தத் தாமதம் உறுத்தாததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, டிரம்பெட், மேளம், அவர் நிற்கும் நேரம் முழுக்க ரசிகர்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள். பந்து வராத நேரத்தை ரசிகர்கள் நிரப்புகிறார்கள். அங்கே கடிகாரத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு அவசரமில்லை.

மேஜர் லீக்குக்கு என் தேர்வு இது. கடிகாரம் இருக்கட்டும், பேஸில் ஆள் இருக்கும்போது பழைய 20க்கே திரும்பட்டும். பிளேஆஃபில் ஒன்பதாவது இன்னிங்ஸிலிருந்து மேலும் 5 நொடி கொடுக்கலாம், ஓதானியும் டிரவுட்டும் நின்ற மாதிரி நிலை அங்கேதான் வரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு கணக்கா என்று கேட்பவர்களுக்கு, பிளேஆஃபுக்குத் தனி விதி ஏற்கனவே இருக்கிறதே என்பது என் பதில். வழக்கமான சீசனில் 10, 11 இரண்டையும் ஒழுங்காக ஆடவிட்டு, அப்படியும் முடியாவிட்டால் 12லிருந்து அந்த ரன்னரை நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் நான் விட்டுக்கொடுக்கிறேன். 7 இன்னிங்ஸ் பேச்சே வேண்டாம். வீரர்கள் சங்கத்தோடு உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சம்பள உச்சவரம்பு பற்றித்தான் சண்டை நடக்கும் போலத் தெரிகிறது, அந்த இரண்டு நொடியைத் திருப்பிக் கேட்கவும் சங்கத்துக்கு அதுதான் சமயம்.